சாப்பிட்டாச்சு என்றொரு பதில்

“அக்கா, சாப்ட்டாச்சா?” என்று சுவரிலிருந்த நலம்விசாரி கேட்டது.

“ஆச்சு” என்றாள் பிரம்மசக்தி. சொல்லி வாயை மூடுவதற்குள் தலையில் அடித்துக்கொண்டாள். இன்றைக்கு எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று விடிந்ததிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். வயிற்றில் நேற்று குடித்த வடிகஞ்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் கேள்வி வந்ததும் நாக்கு தன் பழைய வழியில் போய்விட்டது.

“சந்தோசம்க்கா” என்று சொல்லிப் பெட்டி பச்சை விளக்கைக் காட்டியது. அந்தப் பச்சையைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூத்துக்குடிக் கரையோர உப்பளங்களில் உப்பு வாரும் இயந்திரங்கள் இறங்கியபோது, வேலை இழந்த வீடுகளுக்கு அரசு வாழ்வுத்தொகை கொடுக்க ஆரம்பித்தது. தொகையில் குறையிருந்தால் முதலில் மனு எழுத வேண்டியிருந்தது. மனுவை வாங்குகிறவர் இன்னொரு கையையும் நீட்டினார். அதை ஒழிக்க, ‘உங்கள் குறை என்ன?’ என்று கேட்கும் இயந்திரத்தைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். குறை சொன்னால் உள்ளதும் போய்விடுமோ என்று ஒருவரும் அதன் பக்கம் போகவில்லை. பிறகுதான் யாரோ ஒரு புத்திசாலி நலம்விசாரியைக் கண்டுபிடித்தார். அது குறையே கேட்காது. பக்கத்து வீட்டுத் தம்பி மாதிரி, நினைத்த நேரத்தில், ஊர்ப்பேச்சில் நலம் விசாரிக்கும். வருகிற பதிலை வைத்து வீட்டில் பசி இருக்கிறதா, நோய் இருக்கிறதா என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். முன்கூட்டித் தயாரித்துக்கொண்டு வந்து சொல்லும் புகாரை அது நம்பாது. தற்செயலாக வாயில் வருவதுதான் உண்மை என்பது அதன் சித்தாந்தம்.

ஊருக்குப் பெட்டியைப் பிடித்துப்போனது. நம்மையும் ஒருத்தன் கேட்கிறானே என்று பெண்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அவன் ஒவ்வொரு ‘ஆச்சு’வையும் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. நெடுநாள் நிறைவாக இருக்கும் வீட்டின் தொகையை, இல்லாத வீட்டுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று விதி இருந்தது. பிரம்மசக்தியின் வீடு மூன்று வருடமாக ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டிருந்தது, பெட்டியின் கணக்கில். மழைக்காலம் பிறந்ததும் தொகை நின்றது.

நிற்பதற்கு அதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லை. மகள் சந்தனமாரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ரத்தம் குறைவாக இருக்கிறது, நல்ல சாப்பாடு வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கணவர் முத்துமாலைக்கு உப்பளத்தில் விழுந்து வலது கை விளங்காமல் போய் வெகுநாளாகிறது. பானையில் இருப்பதை மகளுக்கும் அவருக்கும் போட்டுவிட்டு, “நான் அடுப்படியிலயே தின்னுட்டேன்” என்று சொல்லிக் கையைக் கழுவுவாள் பிரம்மசக்தி. அரிசி தீர்ந்துபோனால் பிள்ளை பெறுவதற்கு முன்பே மகளை மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதற்குக் கடலில் போய் விழலாம் என்று அவளுக்கு இருந்தது.

குறைதீர் மையத்தில் தவமணி என்ற அலுவலர் இருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு அந்த மையத்தில் ஒரு நாற்காலியும் மின்விசிறியும் கொடுத்திருந்தார்கள், அதிகாரம் கொடுக்கவில்லை. மனிதர் கை பட்டால் ஊழல் வரும் என்று எல்லாவற்றையும் பெட்டியிடமே ஒப்படைத்திருந்தார்கள். அவர் தன் திரையில் அவளுடைய மூன்று வருடத்துப் பதில்களைத் திறந்து காட்டினார். ஆச்சு, ஆச்சு, ஆச்சு என்று கீழே போய்க்கொண்டே இருந்தது.

“யக்கா, நீங்களே உங்க வாயால சாப்ட்டேன்னு சொல்லியிருக்கீங்களே. நான் என்ன செய்ய?”

பிரம்மசக்திக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “சார், நீங்க எந்த ஊரு? சாப்ட்டாச்சான்னு கேட்டா எவளாவது இல்லன்னு சொல்லுவாளா? சாப்புடலன்னு தைரியமாச் சொல்லுதவ வீட்ல பானை நிறையச் சோறு இருக்கும். ஆச்சுன்னு சொல்லுதவதான் சார் பட்டினி. இது கூடத் தெரியாம ஒரு பெட்டியச் செஞ்சு மாட்டியிருக்கீங்க.”

தவமணி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார். பிறகு அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் பதிவு செய்து மேலிடத்துக்கு அனுப்பினார். இதற்குப் பதில் வருகிறவரை காத்திருக்க வேண்டாம், எப்படியாவது பெட்டியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அது நம்பினால் அன்றைக்கே தொகை வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. பெட்டிக்கு இளவட்டக் குரல், கணீரென்று வீடு முழுக்கக் கேட்கும். அது கேட்கிற நேரமெல்லாம் மகள் பக்கத்திலேயே இருந்தாள். அம்மா பட்டினி என்று தெரிந்தால் அந்தப் பெண் தன் தட்டைத் தள்ளிவிடுவாள். ஒருநாள் மகள் குளிக்கப் போயிருந்தபோது, கேள்வி வருவதற்காகப் பெட்டிக்கு எதிரே பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள் பிரம்மசக்தி. பெட்டி, மழை எப்படி இருக்கு, மாமா கை வலி தேவலையா என்று என்னென்னவோ கேட்டதே தவிர, சாப்பாட்டுப் பேச்சை எடுக்கவே இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நாசமாப் போற பெட்டி, கேட்டுத் தொலையேன்” என்று கத்திவிட்டாள்.

பெட்டிக்கு இன்னொரு காது உண்டு. பெண் கைக்குப் பணம் போகும் வீடுகளில் ஆண் கையை ஓங்குகிறானா என்று அது சத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். அதற்கு இடர்க்கணிப்பு என்று பெயர். மறுநாள் முத்துமாலையை மனைவியை அடிக்கும் கணவர்களுக்கான ஆலோசனை வகுப்புக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. விளங்காத கையைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். கோபத்தை எப்படி அடக்குவது என்று சொல்லித் தந்தார்களாம். டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்களாம். பிஸ்கட்டை மடியில் கட்டிக்கொண்டு வந்து மகளிடம் கொடுத்தார். அடுத்த வகுப்பு எப்போது என்று அவர் விசாரித்ததுதான் பிரம்மசக்திக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

அரிசிப் பானையின் அடியைக் கை தொட்ட அன்று, மழையில் நனைந்துகொண்டு சம்பந்தியம்மா ஜெயக்கொடி வந்து நின்றாள். ஆறுமுகநேரிக்காரி. இரண்டு மாடி வீடு, கழுத்தில் எப்போதும் கனத்த சங்கிலி. அன்று சங்கிலி இல்லை. மழைக்குப் பயந்து கழற்றி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள் பிரம்மசக்தி. மருமகளைப் பார்க்கவேண்டும் போலிருந்தது, அதனால் பஸ் ஏறிவிட்டேன் என்றாள் ஜெயக்கொடி.

பிரம்மசக்தி கேட்க வேண்டியதைக் கேட்டாள். “சாப்ட்டு வந்தீங்களா மைனி?”

“ஆச்சு, ஆச்சு. கிளம்பும்போதே ஆச்சு. நீங்க?”

“இங்கயும் இப்பத்தான் ஆச்சு மைனி.”

அவள் பேசி முடிக்கவில்லை, பெட்டி கனைத்தது. வீட்டில் வேறு குரல் கேட்டதும் அதற்கு உற்சாகம் வந்துவிட்டது.

“அக்கா, சாப்ட்டாச்சா?”

பிரம்மசக்தி மகளைப் பார்த்தாள். சந்தனமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே தோல் வெளுத்திருந்தது. இன்று விட்டால் நாளைக்குப் பானையில் ஒன்றும் இல்லை. சம்பந்தி முன்னால் மானத்தைக் காப்பாற்றி, அந்த மானத்தை எந்தத் தட்டில் போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று தோன்றியது.

“இல்ல. சாப்புடல. நேத்தும் சாப்புடல. இந்த மாசம் முழுக்க நான் ஒழுங்காச் சாப்புடல” என்றாள்.

சந்தனமாரி “யம்மா” என்று அழுதுகொண்டே எழுந்துவிட்டாள். முத்துமாலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டி ஒரு நொடி யோசித்தது.

“சந்தோசம்க்கா” என்று பச்சை விளக்கைக் காட்டியது. “உங்க வீடு நிறைவா இருக்குன்னு பதிஞ்சுட்டேன்.”

பிரம்மசக்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடம் பொய் சொன்னபோதும் பச்சை, மானத்தை விட்டு உண்மையைச் சொன்னபோதும் பச்சை. பெட்டியைப் பிடுங்கி உப்பளத்தில் எறியலாம் என்றால் எழுந்திருக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சம்பந்தி என்ன நினைத்துக்கொள்வாள் என்று நிமிர்ந்து பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

ஜெயக்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“எங்களுக்கும் தொகை நின்னுட்டு மைனி” என்றாள். “வீடு பேங்க்ல அடமானத்துல கெடக்கு. மகன் காத்தாலை வேலைக்குன்னு கடலுக்குள்ள போனவன் இன்னும் சம்பளம் அனுப்பல. மருமகளப் பாக்கணும்னுதான் சொன்னேன். இங்க வந்தா ஒருவேளை சோறு கெடைக்கும்னுதான் வந்தேன்.”

பிரம்மசக்தி எழுந்துபோய்ப் பானையைக் கவிழ்த்துத் தட்டி, இருந்த அரிசி முழுவதையும் கஞ்சி வைத்தாள். கருவாடு ஒன்று கிடந்ததைச் சுட்டாள். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, யாரும் யாருக்கும் மறைக்காமல், வயிறு நிறையக் குடித்தார்கள். நாளையைப் பற்றி நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்றார் முத்துமாலை. இத்தனை மாதத்தில் அவர் சொன்ன உருப்படியான பேச்சு அதுதான்.

கை கழுவி வந்து உட்கார்ந்ததும் பெட்டி ஆரம்பித்தது. “அக்கா, சாப்ட்டாச்சா?”

“ஆச்சுடா, ஆச்சு” என்றாள் பிரம்மசக்தி. இந்த முறை நிஜமாகவே ஆகியிருந்தது.

விளக்கு சிவந்தது. அந்த வீட்டில் யாரும் இதுவரை அதைச் சிவப்பாகப் பார்த்ததில்லை. “ஐயோ அக்கா, கவலப்படாதீங்க” என்றது பெட்டி. குரல் கிட்டத்தட்ட அழுதது. “நின்ன தொகையையும் சேத்து அனுப்பிட்டேன்.”

பிரம்மசக்தியின் கைபேசி டிங் என்றது. பார்த்தால் பணம் வந்திருந்தது. அதன் பின்னாலேயே தவமணியின் அழைப்பும் வந்தது. மனிதர் சந்தோஷத்தில் மூச்சுவிடாமல் பேசினார். அக்கா சொன்ன அந்த வார்த்தையை மேலிடத்தில் எல்லோரும் கேட்டார்களாம், அசந்துபோனார்களாம், இன்று காலையிலிருந்து மாவட்டம் முழுக்கப் பெட்டிகளைத் திருத்திவிட்டார்களாம். இனி ஆச்சு என்றால் பசி, சாப்பிடவில்லை என்றால் நிறைவு. எல்லாம் உங்களால்தான் அக்கா என்றார்.

“காலையில இருந்தா சார்?” என்று கேட்டாள் பிரம்மசக்தி.

“காலையில இருந்து அக்கா. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். எப்பவும் போல ஆச்சுன்னு சொன்னாப் போதும்.”

அவள் அழைப்பைத் துண்டித்தாள். பெட்டி முதலில் கேட்டபோதே வழக்கம்போல ஒரு ‘ஆச்சு’ சொல்லியிருந்தால், சம்பந்தி முன்னால் மானத்தையும் விட்டிருக்க வேண்டாம், மகளை அழவைத்திருக்கவும் வேண்டாம், பணம் தானாக வந்திருக்கும். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். முத்துமாலைக்கு மறுபடி வகுப்பு வந்துவிடும் என்று மூடிக்கொண்டாள்.

ஜெயக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய், தன் பெட்டியிடமும் ஆச்சு என்று சொல்லவேண்டும் என்றாள். அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்ட பிரம்மசக்தி, எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்பது தெரு அறிந்த விஷயம். அந்த வீட்டுக்காரி இத்தனை நாள் கூசிக்கூசி நின்றுவிட்டு, இன்றைக்குத்தான் தைரியம் வந்து, தன் பெட்டிக்கு எதிரே நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இல்ல தம்பி. சத்தியமாச் சாப்புடல.”

அவள் வீட்டு ஜன்னலில் பச்சை விளக்கு எரிந்தது.