மிர்வாங் கொண்டு போன கடிதம்

துருவ மியூசியத்தின் மாடிப்படிக்குக் கீழே குப்புறக் கிடந்தாள் அங்கே வேலை பார்க்கும் எல்ட்பியோர்க். கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது!

இன்ஸ்பெக்டர் சுன்னிவா மிர்வாங் தோழியைப் பார்த்து உறைந்து நின்றாள்.

ஒரு மணி நேரம் முன்புதான் போனில் கத்தினாளே... "சுன்னிவா! உன் கொள்ளுத்தாத்தா கொண்டு போன கடுதாசி கிடைச்சிடுச்சுடி! மியூசியத்துக்கு ஓடி வா!"

நார்வேயின் ட்ரோம்சோ நகரில் அந்தக் கடிதம் தெரியாதவர் இல்லை. 'கப்பல் வராது. தெற்கே குடிசைக்குத் திரும்பிவிடு...' துருவ வீரர் ஸ்டேனர்சனுக்கு 1912-ல் போன எச்சரிக்கை. துருவப் பயணிகள் கடிதம் விட்டுச்செல்லும் பனிவெளிக் கற்குவியலில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார் கேப்டன் மிர்வாங். ஸ்டேனர்சன் திரும்பவே இல்லை. கூடப் போன நான்கு பேரோடு செத்துப்போனார்.

'மிர்வாங் குடிகாரன், கடுதாசியைக் கடல்ல தொலைச்சுட்டான்' என்றது ஊர். சுன்னிவாவின் அப்பா அந்தப் பழியைக் கேட்டுக் கேட்டே செத்தார். பாவிகள்!

"வழுக்கி விழுந்துட்டாங்க, பாவம்." பின்னால் குரல். மியூசியத்தின் இயக்குநர் சிக்வார்ட் ஸ்டேனர்சன். வீரரின் கொள்ளுப்பேரன்.

"கடுதாசி எங்கே சார்?"

"எந்தக் கடுதாசி?"

சுன்னிவா அவர் அறைக்குள் நுழைந்தாள். கணப்பில் கருகிய காகிதம்... இன்னும் சூடாக!

"குப்பைக் காகிதம், இன்ஸ்பெக்டரம்மா. வேணும்னா சாம்பலைக் கூட்டிட்டுப் போய் சாட்சி சொல்ல வைங்க! உங்க வம்சம் கடுதாசி கொண்டு போன லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே!"

சுன்னிவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லுவீங்களே சார்... கற்குவியல்ல கடுதாசி எடுத்தா என்ன செய்யணும்?"

"நகல் எழுதி அதே இடத்துல வெச்சுட்டுப் போகணும். துருவக்காரங்க வழக்கம். அதுக்கென்ன இப்போ?"

"எல்ட்பியோர்கும் துருவக்காரிதான் சார். பதினாலு குளிர்காலம் பனிவெளியில இருந்தவ. அசலை எடுத்த இடத்துல நகல் வெச்சிருப்பா."

சிக்வார்டின் முகம் வெளுத்தது. பார்வை தன்னாலேயே அறை மூலையிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்கு ஓடியது... உள்ளே, பிணத்தோடு கிடைத்த ஸ்டேனர்சனின் கையுறை!

சுன்னிவா பெட்டியைத் திறந்து கையுறையை எடுத்தாள். உள்தையல் புதிதாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மடித்த தாள் ஒன்று. எல்ட்பியோர்கின் கையெழுத்து!

முழுக் கடிதத்தின் நகல். அதன் கீழே...

'ஓரத்தில் ஸ்டேனர்சன் எழுதியிருந்தது: படித்தேன். திரும்பினால் பத்திரிகைகள் சிரிக்கும். ஆட்களிடம் சொல்லவில்லை.

இந்தக் கையுறைக்குள் கிடைத்த அசலை இன்று காலை ஒன்பதேகாலுக்கு இயக்குநர் சிக்வார்டிடம் கொடுத்தேன்.'

அப்பா இதைப் பார்க்காமலே போய்விட்டாரே!

"நூறு வருஷமா எங்களைக் காறித் துப்பினீங்களேய்யா! நாலு பேரைக் கொன்னது உங்க ஆளோட வீம்பு. அஞ்சாவது, நீங்க தள்ளிவிட்டது!"

"அவ... ஊருக்கே சொல்லிடுவேன்னா..."

சாயங்காலம் கைது உத்தரவை நீட்டினாள்.

"வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து போடுங்க சார். இல்லேன்னா, மிர்வாங் கொண்டு வந்த காகிதம் கைக்கு வரலைன்னு நாளைக்கு உங்க பேரன் சொல்லுவான்!"