உச்சி வெயிலில் ஏற்றிய விளக்குகள்

“எழவு வீட்டுல வந்து சாராயத்த மோந்து பாக்குறீங்களே அண்ணி, வெக்கமா இல்ல?”

“எனக்கென்னடா வெக்கம், சாரோன்? நூன் மாமா இதக் குடிச்ச மறுநாள்தான் செத்தாரு. கண்ணு தெரியல, கண்ணு தெரியலன்னு பொலம்பிக்கிட்டே செத்தாரு.”

“எழுபது வயசுல கண்ணு பின்ன எப்படித் தெரியும்? அறுப்பு முடிஞ்சதும் ஆசையா வாங்குன கேன். பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. நாமதான முடிச்சு வைக்கணும்?”

உயரக் கால்களில் நின்ற வீட்டுக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். குந்தியாவின் கணவன் வுத்தி மட்டும் சிரிக்கவில்லை. தம்பி சாரோன் நீட்டிய குவளையை வாங்கி, அவளைப் பார்க்காமலே விழுங்கினான்.

“ஒரு வாய்தான்டி. மானத்த வாங்காத.”

ஒரு வாயோடு நிற்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நூன் வீட்டு ஊதுபத்தி வாசமும் பிக்குகள் ஓதும் சத்தமும் பலகை இடுக்குகளின் வழியே வந்துகொண்டிருக்க, அதையெல்லாம் மீறி அவன் மூச்சிலிருந்து ஒரு நெடி அடித்தது. அரிசிச் சாராயத்தின் புளிச்ச வாடை இல்லை அது. புது பெயிண்ட் அடித்த அறைக்குள் நுழைந்தால் தொண்டையில் தித்திப்பாக ஒட்டுமே, அந்த நெடி.

“குந்தியா, இன்னும் விடியலையா?”

கோடு கோடாக வெயில் அவன் முகத்தில்தான் விழுந்திருந்தது.

“வெளக்க ஏத்துடி. ஒரே மூட்டமா இருக்கு.”

குந்தியா விளக்கை ஏற்றினாள். அவன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

“இன்னும் கிட்ட கொண்டா.”

புருவ முடி பொசுங்கியது. இமை அசையவில்லை. விரிந்த கருவிழிகளில் கண்ணுக்கொரு சுடர்.

“ஏத்திட்டியா?”

அவள் வாசலுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரி மீகாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம். படகுத்துறை வரை அவனைக் கொண்டு போக ஊரில் இருந்தது பின்னால் தட்டுவண்டி பூட்டிய ஒரே ஒரு கை டிராக்டர். சாரோனுடையது.

“சாரோன்! உங்கண்ணனுக்குக் கண்ணு தெரியலடா! வண்டிய எடு!”

எஞ்சின் சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. பயந்த குழந்தையின் குரல்.

“அண்ணி... இப்ப ராத்திரிதான? எங்க வீட்டுல ஏன் யாருமே வெளக்கு ஏத்தல?”

உச்சி வெயில். தெருப் புழுதி கண்ணைக் கூச வைத்தது. எதிர் வீட்டுச் சன்னலில் ஒரு பெண் விளக்கைக் கொண்டு வந்து வைத்தாள். அடுத்த வீட்டில் இன்னொன்று. அதற்கடுத்த வீட்டில். தெருக்கோடி வரை.

பிக்குகள் ஓதுவது நின்றது.

“ஏத்திட்டியாடி?” உள்ளிருந்து வுத்தி மறுபடி கேட்டான்.

அவனுக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.