நிமிர்ந்த முக்கோணம்

வார்டு சிஸ்டர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

தானமாக வந்த சிறுநீரகம் பனிப்பெட்டியில் இருந்தது. மதியத்துக்குள் யாருக்காவது பொருத்தியாக வேண்டும். சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில், திரையில் வந்த முதல் ஆள், நடமாடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த லாரி டிரைவர் கடைசியில் கிடந்தார்.

"இது அப்படியே தலைகீழா இருக்கே!" சிஸ்டர் யாருக்கும் போன் போடாமல் நிறுத்தி வைத்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தபோது கணினி அறையில் மூவர். பட்டியலைத் தயாரிக்கும் கணினி நிரலை எழுதியவள், அவள் கொழுந்தன், மேலாளர். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆபீஸுக்கே அவள் அண்ணி.

"ஒரே ஒரு குறிதான் மேடம்," என்றாள் அண்ணி.

அந்த நிரல் சொற்களால் ஆனதல்ல, குறிகளால் ஆனது. கவிழ்ந்த முக்கோணம் ⍒ இருந்தால் அவசரமானவர் முதலில் வருவார். யாரோ அதை நிமிர்த்தி ⍋ ஆக்கியிருந்தார்கள்.

"எந்த மெஷின்ல?"

"என்னோடதுல. நேத்து சாயங்காலம். திரையைப் பூட்டாம டீ குடிக்கப் போயிட்டேன்."

"அப்போ இங்க யாரு இருந்தா?"

"இவங்க ரெண்டு பேரும்."

மேலாளர் சிடுசிடுத்தார். "அவங்க மெஷின், அவங்க பாஸ்வேர்டு. இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

"அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல சார்," என்றான் கொழுந்தன்.

வாசலில் சர்ஜன் தலையை நீட்டினார். "வேற எதைத் தொட்டிருக்காங்கன்னு தெரியாம அந்தப் பட்டியலை நம்ப மாட்டேன். சீக்கிரம்!"

இன்ஸ்பெக்டருக்கு உட்கார முடியவில்லை. மேஜைகளுக்கிடையே நடந்தவர், மாற்றப்பட்ட வரியின் மேல் குனிந்தார்.

"இந்த விளக்கு மாதிரி இருக்கிறது?"

"⍝. அதுக்கப்புறம் வர்றது வெறும் குறிப்பு. கணினி கண்டுக்காது."

குறிப்பின் கடைசியில் தூசி போல ஒரு சாய்ந்த கோடு. இன்ஸ்பெக்டர் விரலால் துடைத்தார். போகவில்லை.

"மூணு பேரும் அவங்கவங்க இடத்துல இந்த முக்கோணத்தைப் போட்டுக் காட்டுங்க."

மேலாளர் மவுஸைப் பிடித்து, திரையின் மேலே இருந்த குறிகளின் வரிசையில் தேடித் தேடிச் சொடுக்கினார். "கீ எல்லாம் எனக்குக் கைவராது."

கொழுந்தனின் இடது சுண்டுவிரல் விசைப்பலகையின் இடது மேல்மூலை விசையைத் தட்டியது. அடுத்த தட்டில் முக்கோணம். "மூலையைத் தட்டினா அடுத்தது குறியா வரும். ஆபீஸ் முழுக்க நான்தான் இப்படி செட் பண்ணேன்."

அண்ணி வலக்கையால் அரைப்புள்ளி விசையைத் தட்டினாள். அடுத்த தட்டில் அவளுக்கும் முக்கோணம்.

"ஏன் இது?"

அவள் இடது கையைக் காட்டினாள். கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரலுக்கு நுனி இல்லை. "மூலைக்கு எட்டல. நானே மாத்திக்கிட்டேன்."

"உங்க மெஷின்ல மூலையைத் தட்டினா?"

அவள் தட்டினாள். சாய்ந்த சிறு கோடு விழுந்தது. அதே கோடு.

இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று தாழ்வாரத்துக்குப் போனார். பட்டியலில் முதலில் வந்த பெரியவரின் மகள் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி இன்னும் யாரையும் கூப்பிடலையே. உங்களை யாரும்மா வரச் சொன்னா?"

அவள் பார்வை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கொழுந்தனிடம் போய் வந்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து அவன் முன் நின்றார்.

"மேலாளர் மாத்தியிருந்தா கோடு விழுந்திருக்காது. அவர் சொடுக்குறவர். அண்ணி அந்த விசையைத் தொடவே மாட்டாங்க. உங்க விரல்தான் பழக்கத்துல மூலைக்குப் போகும். குறிப்புல தட்டிப் பார்த்தீங்க, குறி வரலை. அப்புறம் மவுஸால மாத்திட்டுப் போயிட்டீங்க. கோட்டை அழிக்க மறந்துட்டீங்க."

அவன் கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண்ணைப் பார்த்தான். "அவ அழுதா மேடம். அப்பாவுக்குச் சரியானாத்தான் எங்க கல்யாணப் பேச்சேன்னா."

"டிரைவர் செத்திருப்பாரு."

"அதை யோசிக்கல. அதை மட்டும்தான் மாத்தினேன், வேற எதையும் தொடல."

"பழி யார் மேல விழும்னும் யோசிக்கலையா?" என்றாள் அண்ணி.

அவள் முக்கோணத்தைக் கவிழ்த்தாள். பட்டியல் புரண்டது. சர்ஜன் பழைய பிரதியோடு ஒப்பிட்டுத் தலையசைத்தார். சிஸ்டர் டிரைவரின் கட்டிலை நோக்கி ஓடினார்.

கொழுந்தனை ஜீப்பில் ஏற்றும்போது அண்ணியின் போன் அடித்தது. கணவன்.

"தம்பி போனை எடுக்க மாட்டேங்குறான். உன் பக்கத்துல இருக்கானா?"

ஜீப் வாசலைத் தாண்டித் திரும்பியது.

"இல்லீங்க," என்றாள். "நீங்க உடனே கிளம்பி வாங்க."