பத்து இருபதுக்கு ஒரு கையெழுத்து

டெலிபோன் அலறியது!

2006. சித்திரைப் புத்தாண்டு முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை. ஹட்டனில், ஒரு தேயிலைக் கம்பனியின் பிராந்திய அலுவலகம்.

மனேஜர் தம்பிராசா ரிசீவரை எடுத்தார். கொழும்புத் தலைமை அலுவலகம்!

"நேற்றுப் பின்னேரம் உங்கட ஈமெயில் கிடைச்சது, மிஸ்டர் தம்பிராசா. சுதர்ஷினியை அப்பிடிப் புகழ்ந்திருக்கிறீங்கள்! உடன கொழும்புக்கு எடுங்கோ, கம்ப்யூட்டர் பிரிவின்ர தலைமையைக் குடுங்கோ எண்டு..."

"நான் அப்பிடி ஒண்டும் அனுப்பேல்லையே!"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம்.

"உங்கட டிஜிட்டல் கையெழுத்து இருக்குது. சரிபார்த்தாச்சு. அசல்!"

தம்பிராசாவுக்கு வியர்த்தது. ஹட்டன் குளிரில்!

"பின்னேரம் நாலு மணிக்குள்ள ஆள் ஆரெண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி பொலிசுக்குப் போவம்."

டொக். லைன் செத்தது.

விஷயம் இதுதான். அந்தக் கம்பனியில் முக்கியமான மெயில் எல்லாவற்றிலும் டிஜிட்டல் சான்றிதழால் கையெழுத்து விழ வேண்டும். ஆளுக்கு ஒரு சான்றிதழ், அதற்கு ஒரு ரகசியச் சாவி. எல்லாவற்றையும் வழங்கி, ஒரு பிரதியைப் பூட்டி வைத்திருப்பது மாடி அறையிலிருக்கும் ஒரு சேர்வர். அதிலிருந்து ஒரு சான்றிதழைச் சாவியோடு சேர்த்து 'எக்ஸ்போர்ட்' செய்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டால் முடிந்தது. யார் வேண்டுமானாலும் தம்பிராசா ஆகிவிடலாம்!

தம்பிராசா மணியடித்துக் கணேசமூர்த்தியை அழைத்தார்.

கணேசமூர்த்தி, கம்பனியின் பாதுகாப்பு அதிகாரி. பூண்டுலோயாக்காரர். இருபது வருடம் பொலிசில் குப்பை கொட்டியவர். இஞ்சி போட்ட பிளேன்டீ உள்ளே போகாமல் அவருடைய மூளை ஓடாது.

ஒரு கோப்பையை முடித்துவிட்டு மாடி ஏறினார்.

அந்த அறையில் இரண்டே பேர்.

ஒருவன் செந்தூரன். யாழ்ப்பாணத்துக்காரன். கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளன். இன்னொருத்தி சுதர்ஷினி, அவனுக்குக் கீழே வேலை செய்கிறவள். அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்து, கொழுந்து பறிக்கும் அம்மாவின் சம்பளத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். வேலையில் சூரப்புலி. அதனாலேயே அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் வயிறு எரியும். செந்தூரனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எரியும்.

"நேத்து நம்ம மனேஜர் தொரையோட சான்றிதழ யாரு எடுத்தது?" கணேசமூர்த்தி கேட்டார்.

செந்தூரன் சேர்வரின் பதிவைத் திறந்தான். திரையில் ஒரு வரி எழுந்து நின்றது.

ஏப்ரல் 17. காலை 10.20. தம்பிராசாவின் சான்றிதழ், ரகசியச் சாவியுடன் எக்ஸ்போர்ட்.

செய்தவர்: சுதர்ஷினி!

"ஐயோ... நான் இல்லங்க சேர்!" அவள் பதறி எழுந்தாள்.

"நேத்து எத்தன மணிக்கு வந்தம்மா?"

"பஸ் டயர் வெடிச்சிருச்சுங்க. பத்து அஞ்சுக்குத்தான் வந்தேன். புக்குல எழுதியிருக்கேன்."

"அப்புறம் ரூம்ல யாரு?"

"நா... மட்டுந்தாங்க."

"நான் பத்து மணிக்கே ஃபெக்டரிக்கு வெளிக்கிட்டிட்டன்," என்றான் செந்தூரன். "டிரைவரைக் கேளுங்கோ. தனக்குத் தானே சிபாரிசுக் கடிதம் எழுதியிருக்கிறா போல. பேராசைதான்!"

அவன் குரலில் ஒரு குதூகலம். மூன்று மாதமாக அவன் தவம் கிடக்கும் கொழும்புப் பதவிக்கு இவளும் மனுப் போட்டிருந்தாள். இன்றோடு தொலைந்தாள் என்று அவன் மனம் கும்மாளம் போட்டது.

சுதர்ஷினியின் கண்கள் நிறைந்தன.

"சேர், பொலிசுக்குப் போனா என் வாழ்க்கையே போச்சுங்க. எங்கம்மா காலையில வேல பிரிக்கிற பெரட்டுக் களத்துல எப்புடித் தலை நிமிந்து நிப்பாங்க? லயத்துப் புள்ளைக்கு ஆபீஸ் வேல கெடச்சா திருடத்தான் செய்யும்னு சொல்ல ஊரே காத்திருக்குங்க!"

கணேசமூர்த்தி திரைக்கு அருகே குனிந்தார். திரையின் மூலையையே பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி திரை.

சுவரில் 10.40. திரையில் 11.10!

"இந்தச் சனியன் ஏன் அர மணி முன்னுக்கு நிக்குது?"

சுதர்ஷினி திரும்பினாள். ஒரு விநாடி... அழுத கண் அகல விரிந்தது.

"சேர்! சனிக்கிழம நாட்டு நேரத்தையே அர மணி பின்னுக்கு மாத்துனாங்கல்ல! பழைய நேரம் திரும்ப வந்துச்சுல்ல! லீவுல சேர்வர யாரும் மாத்தல!"

பத்து வருடமாக இலங்கை முழுவதும் அரை மணி முன்னால் ஓடிய கடிகாரங்கள், புத்தாண்டுக்கு மறுநாள்தான் பின்னுக்குத் திருப்பப்பட்டிருந்தன. நாடு திரும்பிவிட்டது. சேர்வர் திரும்பவில்லை!

"அப்ப, இதுல பத்து இருபதுன்னா..."

"நெஜத்துல ஒம்பது அம்பதுங்க! அப்ப நான் டயர் வெடிச்ச பஸ் பக்கத்துல மழையில நிக்கிறேன். கண்டக்டர் கூட சாட்சி!"

கணேசமூர்த்தி மெதுவாகச் செந்தூரன் பக்கம் திரும்பினார்.

"சேர்வர் நேரத்த மாத்த வேண்டியது யாரு பொறுப்பு?"

"என்ர... மறந்து போனன்."

"எல்லாரோட பாஸ்வேர்டும் யாருகிட்ட?"

"ஒரு கொப்பியில எழுதி... வீட்டில வைச்சிருக்கிறன்."

"ஒம்பது அம்பதுக்கு நீங்கதான் இங்க இருந்திருக்கீங்க. கொழும்பு வேலைக்குப் போட்டியும் நீங்கதான். என்ன தம்பி, இந்தப் புள்ளய மாட்டிவிட்டீங்களா?"

"இல்லை! சத்தியமா நான் செய்யேல்லை!" செந்தூரனின் முகம் வெளுத்தது. "ஒன்பதே முக்காலில இருந்து பத்து மணி வரைக்கும் மனேஜரின்ர அறையில நிண்டனான். அவரைக் கேளுங்கோ!"

கேட்டார்கள். தம்பிராசா தலையை ஆட்டினார்.

"ஓம். அந்தக் கொழும்பு வேலையைத் தனக்குத் தரச்சொல்லி என்ர உயிரை வாங்கிக்கொண்டு நிண்டவர்."

அப்படியானால்... ஒன்பது ஐம்பதுக்கு மாடி அறையில் இருந்தது யார்?

கணேசமூர்த்தி படிகளில் தடதடவென்று இறங்கினார். வாசலில் காவலாளி வீரய்யா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வீரய்யாண்ணே, நேத்து வெளியாளு யாரும் வந்தாங்களா?"

"யாரும் வரலீங்களே."

"புக்க எடுங்க."

வீரய்யாவின் புத்தகம் பொய் சொல்லாது. நாய் நுழைந்தாலும் எழுதி வைக்கிற மனிதர். அதில் ஒரு வரி: 'காலை 9.40. மதுரா டீச்சர். சோத்துக் கேரியர்.'

"இது யாரு?"

"நம்ம செந்தூரன் ஐயா வீட்டம்மா. கேரியர மறந்துட்டாருன்னு கொண்டாந்தாங்க. அவங்க எப்புடிங்க வெளியாளு ஆவாங்க?"

மதுரா! டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவள்!

அடுத்த கால் மணி நேரத்தில், ஏன் என்று சொல்லாமலே அவளை அழைத்து வந்து தம்பிராசாவின் அறையில் உட்கார வைத்தார்கள். இஸ்திரி கலையாத சேலை. இறுகிய உதடு. எதிரில் நின்ற சுதர்ஷினியை உச்சி முதல் பாதம்வரை ஒருமுறை அளந்தாள். அந்தப் பார்வையில் பச்சை மிளகாய் தோற்றுப்போகும்.

"நேத்து கேரியர் கொண்டாந்தீங்களா டீச்சர்?" கணேசமூர்த்தி குழைவாகக் கேட்டார்.

"ஓம். குடுத்திட்டு உடன போயிட்டன். பத்து இருபதுக்கு நான் வகுப்பில நிண்டனான். முப்பது பிள்ளையள் சாட்சி!"

கணேசமூர்த்தி புன்னகைத்தார்.

"பத்து இருபதுன்னு ஒங்ககிட்ட யாரும் சொல்லலியே டீச்சர்! அந்த நேரம் இந்த ஊர்லயே ஒரு எடத்துலதான் இருக்கு. மாடியில, அந்தச் சேர்வர் திரையில! அதப் பாத்துத்தானே மனப்பாடம் பண்ணுனீங்க?"

மதுராவின் முகத்தில் ரத்தம் வற்றியது. கையிலிருந்த கைக்குட்டை நழுவியது.

செந்தூரன் பாய்ந்தான். "மதுரா! உமக்கு விசரே? என்னத்துக்கு இதைச் செய்தனீர்?"

அவள் வெடித்தாள்.

"என்னத்துக்கோ? மூண்டு மாசமா வீட்டில உங்கட வாயில வேற பேர் வந்ததோ? சாப்பிடேக்க சுதர்ஷினி! குளிக்கேக்க சுதர்ஷினி! நித்திரையிலயும் சுதர்ஷினி! நான் என்ன கல்லே? அவள் கொழும்புக்குப் போனாலும் சரி, பொலிசில பிடிபட்டு மறியலுக்குப் போனாலும் சரி, இந்த ஹட்டனில இருக்கப்படாது எண்டுதான் செய்தனான்! கொப்பியில அவளின்ர பாஸ்வேர்டைப் பார்த்தன். கேரியரோட மாடிக்குப் போனன், அறையில ஒருத்தரும் இல்லை. பின்னேரம் இன்டர்நெட் கடையில இருந்து அனுப்பினன்!"

செந்தூரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடி பாவி! அது அன்பில்லையடி, எரிச்சல்! அவள் என்னை முந்திப்போடுவாள் எண்டு நித்திரையில்லாமல் புலம்பினனான்! நான் கெஞ்சித் திரிஞ்ச வேலையையே அவளுக்குத் தரச்சொல்லி... நீ மனேஜரின்ர கையெழுத்தில எழுதிப்போட்டியே!"

மதுரா சுதர்ஷினியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். இவள் எரிந்தது ஒன்றுக்கு, அவன் எரிந்தது இன்னொன்றுக்கு!

தம்பிராசா சுதர்ஷினியைப் பார்த்தார். "பொலிசுக்குக் குடுக்கவோ பிள்ளை? நீர்தான் சொல்லவேணும்."

சுதர்ஷினிக்கு உள்ளே கோபம் கொதித்தது. ஆனால் பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டு அரைமணி நேரத்துக்கு முன் தானே நடுங்கியது நினைவுக்கு வந்தது.

"வேணாங்க சேர். அந்தப் பயம் எப்புடி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன்."

டெலிபோன் மறுபடி அலறியது. கொழும்பு!

தம்பிராசா நடந்ததைச் சொன்னார். கேட்டார். "ஓம்... ஓம்..." என்றார். ஒருமுறை சிரித்தும் விட்டார். ரிசீவரை வைத்தார்.

"அந்த மெயில் வாறதுக்கு முதலே, போன கிழமையே முடிவு எடுத்திட்டினமாம். கொழும்பு கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைமை... சுதர்ஷினி!"

சுதர்ஷினி கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

மதுராவின் கண்களில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். அப்பாடா, தொலைகிறாள்!

"பொறுங்கோ, இன்னும் முடியேல்லை," என்றார் தம்பிராசா. "எல்லாற்ற பாஸ்வேர்டையும் கொப்பியில எழுதி வீட்டில வைக்கிற ஆளை இங்க தனிய விட ஏலாதாம். ஆராவது மேல நிண்டு பாக்கவேணுமாம். அதால செந்தூரனுக்கும் மாற்றம். கொழும்புக்கு. சுதர்ஷினிக்குக் கீழ, உதவியாளர். ஒரே அறை!"

"என்ன?!"

கணவனும் மனைவியும் ஒரே குரலில் அலறினார்கள். கலியாணமாகி ஆறு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

கணேசமூர்த்தி அடுத்த பிளேன்டீக்காக எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"டீச்சர், இனி கேரியர் கொண்டு போறதுன்னா உடரட்ட மெனிக்கே ரயில்ல ஏறித்தான் கொழும்புக்குப் போகணும். நேரத்தச் சுவர்க் கடிகாரத்துல பாருங்க... ரயிலுக்கு உங்க சேர்வர் நேரம் தெரியாது!"