சொல்லாத வட்டிலப்பம்

"யா அல்லாஹ்...! மாலயக் காணல்ல!"

பாத்தும்மாவின் அலறலில் அந்தக் கல்முனைக் கல்யாண வீடே குலுங்கியது.

நேற்றுத்தான் இளைய மகள் ஸம்றாவுக்குக் கல்யாணம். இன்று காலை அலுமாரியைத் திறந்தால்... அவளுடைய தங்க மாலை இல்லை!

"என்ட கையால அவள்ர கழுத்திலருந்து கழட்டிப் பூட்டி வச்சன் சேர்!" விசாரிக்க வந்த எஸ்.ஐ. பவிதரனிடம் பாத்தும்மா அடித்துச் சொன்னாள்.

சந்தேகம், மணமேடை சோடித்த இன்பாஸ் மேல். நாளை அவனுக்குக் கத்தார் பயணம். பொலிசில் வழக்கு விழுந்தால்... பயணம் அவ்வளவுதான்!

சாட்சி, மூத்த மகள் றம்ஸியா.

"இவன் அலுமாரிக்கிட்ட நிண்டான் சேர். கண்ணால கண்டன்."

"றாத்தா... அநியாயமாக் கதைக்காதீங்க!" இன்பாஸ் கெஞ்சினான்.

பவிதரன் தன் போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு றம்ஸியா பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நல்லாக் கேளுங்க. தேங்காப்பால்... முட்ட... கருப்பட்டி... ஏலம்... கஜு... கராம்பு. இப்ப சொல்லுங்க, என்னென்ன சொன்னன்?"

"தேங்காப்பால், முட்ட, கஜு... வட்டிலப்பம்!"

"வட்டிலப்பம் சொன்னனா?"

"ஓம் சேர்! உங்கட குரல் இன்னும் காதுக்குள்ள நிக்குது!"

பதிவானதைத் திரும்ப ஓடவிட்டார். முட்டை இருந்தது. கஜு இருந்தது.

இதையெல்லாம் சேர்த்து அவிக்கும் அந்தக் கல்யாண வீட்டு இனிப்பு, வட்டிலப்பம்... இல்லை!

"வெக்கப்படாதீங்க. முட்டயும் தேங்காப்பாலும் கண்டா மனசு தானாவே அவிச்சு இறக்கிரும். பொறகு, வெளியில கேட்டது எது, உள்ள அவிஞ்சது எது எண்டு அதுக்கே தெரியாது."

றம்ஸியா கண்களை மூடினாள்.

இன்பாஸ் தெரிந்தான். கையில் பூச்சரம். பின்னால்... மணமேடை! அப்படியானால் அவனை அலுமாரியடியில் கொண்டுபோய் நிறுத்தியது யார்?

'அலுமாரிக்கிட்ட அவன் நிண்டானா புள்ள?' காலையில் உம்மா கேட்ட கேள்வி!

அவள் கண்களைத் திறந்தாள். தனக்குள் ஒருத்தி இருந்துகொண்டு பொய் சொல்கிறாள்... அதுவும் தன் குரலிலேயே, தயங்காமல்!

"சேர்... நான் காணல்ல. உம்மா கேட்ட பொறகுதான் கண்டன்."

"அப்ப மாலய ஆர்டி எடுத்த?" பாத்தும்மா சீறினாள்.

க்ளிக்...!

புது மாப்பிள்ளையின் அறைக் கதவு திறந்தது. விடிந்ததிலிருந்து அதைத் தட்ட அந்த வீட்டில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

முக்காட்டை இழுத்தபடி ஸம்றா வந்தாள். முக்காட்டுக்குள்ளே... மாலை!

"என்ன உம்மா சத்தம்?"

"நான்... நான் கழட்டல்லயா?" பாத்தும்மா மாலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கழட்டினீங்க உம்மா," றம்ஸியா பெருமூச்சு விட்டாள். "என்ட கல்யாணத்தில!"

பாத்தும்மா ஒரு கணம்தான் விழித்தாள். பிறகு இன்பாஸ் பக்கம் திரும்பினாள்.

"நான் அப்பவே சொன்னன்தானே மகன், நீ எடுத்திருக்க மாட்டாய் எண்டு!"

இன்பாஸ் எஸ்.ஐ.யைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"ஓம் மாமி... எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு!"