அறுபத்து நாலாம் மரம்

மரம் இளைத்திருந்தது.

மூன்று சென்டிமீட்டர்தான். யோகலட்சுமி போன வருடத்து அட்டவணையை மறுபடி பார்த்தாள். மார்பு உயரத்தில் சுற்றளவை எடுத்தால், அந்த மரம் காற்றிலிருந்து எவ்வளவு கார்பனை உறிஞ்சி உடம்பில் வைத்திருக்கிறது என்று கணக்கிடலாம். காடு வாங்குவது அதிகமா, விடுவது அதிகமா என்று தெரியும். அடைமழைக் காலத்தில் மரம் பருக்கும். இளைக்காது.

“பட்டினி கெடக்கோ என்னவோக்கா,” என்று மரத்துக்குப் பின்னாலிருந்து காளிராஜ் சிரித்தான்.

அவன் வேலை பார்த்த எம். புதுப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து இரண்டு பேர் கருகிய மறுநாள், அவன் மனைவி ஆர்த்தி யோகலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அவுகளை உசுரோட வச்சிருக்கிற வேலையா ஒண்ணு குடுங்கக்கா.” அப்படித்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேலே இந்த மழைக்காட்டுக்கு வந்தான். அவன் டேப் பிடித்து எண்ணைச் சொல்வான். இவள் உட்கார்ந்து எழுதுவாள்.

அடுத்தது அறுபத்து நாலாம் மரம். ஆளை முழுசாக மறைக்கும் தண்டு. காளிராஜ் அதன் பின்னால் போனதும் நனைந்த மண்ணின் வாடை விலகி, கறிக்கடைத் தரையைக் கழுவிவிடும்போது எழும் வாடை சரிவெங்கும் பரவியது; இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரு சொட்டுக்கும் சத்தமில்லை.

“அக்கா, இங்கன ஒரு எட்டு வந்து பாருங்க.”

பத்தடி தூரம். நடுவில் அட்டை நெளிகிற சகதி. ஒருவன் வா என்று கூப்பிட்டால் எழுந்து போவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனாலும், இன்னும் முப்பது மரம் பாக்கி என்று அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

“எண்ணைச் சொல்லுலே.”

கொஞ்ச நேரம் கழித்து, “தொண்ணூத்தி ரெண்டு.”

நானூற்றுத் தொண்ணூற்று இரண்டைச் சுருக்கிச் சொல்கிறான் என்று நினைத்தாள். போன வருடம் நானூற்றுப் பத்து. டேப் தளர்ந்து தொங்குகிறது போல.

“இறுக்கிப் பிடி.”

“எழுபத்தஞ்சு.”

“இன்னும் இறுக்கு.”

“அம்பது.”

நிதானமான குரல். மூச்சே வாங்காத குரல்.

“இன்னும்லே.”

மளுக்கென்று ஏதோ முறிந்தது. இன்னொன்று. பிறகு, ஈரத்துணியைப் பிழிகிற சத்தம்.

அவள் ஓடினாள். சகதி. வேர். மரத்தின் மறுபக்கம்.

டேப் மரத்தைச் சுற்றியிருக்கவில்லை. அவன் நெஞ்சைச் சுற்றியிருந்தது. இரண்டு முனைகளும் மரப்பட்டைக்குள் புதைந்திருந்தன. விலா எலும்புகள் சட்டையைக் கிழித்துக்கொண்டு நின்றன. வாய் நிறைய மண். கண்கள் மட்டும் உயிரோடு. இவளையே பார்த்தன.

மரத்துக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

“பதினெட்டு. இன்னும் இறுக்கட்டாக்கா?”

பதிலுக்குக் காத்திராமல் டேப் நகர்ந்தது.