படத்துக்குப் போட்ட மாலை

மூன்றாம் நாளும் மாலை வாடவில்லை.

காலையில் வாங்கிய பூ சாயங்காலத்துக்குள் கருத்துப்போகிற சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடியில், காற்றாடி சுற்றியும் புழுக்கம் தீராத அந்தக் கூடத்தில், அனுப்ரியாவின் படத்தில் தொங்கிய மல்லிகை மட்டும் இப்போதுதான் பறித்தது மாதிரி வெள்ளையாக இருந்தது. ரத்தினம்மா கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. ஐஸிலிருந்து எடுத்த மீன் மாதிரி.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அனு அவளுக்கு ஒரே மகள். தஞ்சோங் பகார் அலுவலகங்களில் தரை துடைத்துப் படிக்கவைத்த மகள். மேகத்தையும் காற்றையும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்தால் போதாது, உள்ளே போய்ப் பார்க்கணும் என்று விமானம் ஓட்டப் படித்தாள். புயலுக்குள் விமானத்தை விட்டு அளந்துவிட்டுத் திரும்பிய பெண் என்று வெளிநாட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். வருஷக்கணக்காகப் பழக்கி, நான்கு மாதத்துக்கு முன்னால் விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் அவளுக்குப் பாராட்டு விழா. ஆள் ஊரில் இல்லை, மாலை மரியாதை யாருக்குச் செய்வது? கமிட்டிக்கார வருண் அவள் படத்தைப் பெரிதாக்கி, மேடையில் நாற்காலியில் நிறுத்தி, லிட்டில் இந்தியாவில் கட்டிய மாலையைப் போட்டு, முன்னால் விளக்கும் ஏற்றிவிட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். ரத்தினம்மா மட்டும் கைதட்டவில்லை. உயிரோடிருக்கிறவள் படத்துக்கு மாலையா? மாலையோடு படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியதும் அவன்தான்.

“சூப்பரா இருக்குலா, ஆன்ட்டி! கழட்டிடாதீங்க.”

நல்ல மனசோடு செய்த பிள்ளை. மாலையை அப்படியே விட்டுவைத்தாள்.

நேற்று கேஸ் கொண்டுவந்த ஜலாலுதீன், சிலிண்டரை இறக்கிவிட்டு நிமிர்ந்தவன், படத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

“எப்பம்மா ஆச்சு?”

“என்ன தம்பி ஆச்சு? நல்லா இருக்கா. மேல இருக்கா.”

அவன் தலை இன்னும் குனிந்தது. இரும்புக் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனான்.

நேற்று சாயங்காலமே அனுவின் போன் வந்தது.

“ம்மா, இங்க மல்லிப்பூ வாசனை வருதும்மா.”

“அங்க ஏதுடி பூ?”

“அதான். வேற யாருக்கும் வரல, எனக்கு மட்டுந்தான். சாப்பாடும் இறங்கல. கழுத்து கனமா இருக்கு. இங்க எதுக்குமே வெயிட் கிடையாதும்மா, என் கழுத்துக்கு மட்டும் இருக்கு. காமெடியா இல்ல?”

அனு சிரித்தாள். ரத்தினம்மாவும் சிரித்துவைத்தாள்.

ராத்திரி முழுக்கக் கூடத்திலிருந்து வாசனை வந்தது. முதலில் மல்லிகை. பிறகு அதற்கடியில், யாரும் ஏற்றாத ஊதுபத்தி. அதற்கும் அடியில் ஈரச் சாக்கு மாதிரி ஒன்று. கீழே சிராங்கூன் சாலையில் பஸ் நின்று கிளம்பும்போதெல்லாம் படத்தின் கண்ணாடி கிடுகிடுத்தது. பஸ் போன பிறகும் கிடுகிடுத்தது.

இன்று பொறுக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினாள். நனைந்த கம்பளி மாதிரி மாலை கனத்தது. கழற்றினாள். தரைத்தளம் வரை இறங்குகிற சமையலறைக் குப்பைக்குழாயின் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினாள். அது உரசிக்கொண்டே இறங்கியது. பன்னிரண்டு மாடி. காதை வைத்துக் கேட்டாள். உரசுவது நின்றது. விழுந்த சத்தம் வரவில்லை.

ஆனால் வாசனை போய்விட்டது. வீடு சட்டென்று வீடு மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில், வருண் வாங்கிக்கொடுத்த டேப்லெட் ஒலித்தது. வீடியோ. அனுவின் முகம்.

“ம்மா! கழுத்து வலி போயிடுச்சு. இப்பத்தான். யாரோ எதையோ கழட்டிவிட்ட மாதிரி.”

“என் தங்கமே.” ரத்தினம்மாவுக்கு அழுகை முட்டியது. “சாப்டியாடி?”

“பசிக்கலம்மா. ஆனா இங்க கூட இருக்கறவங்கதான் என்கிட்ட பேசவே மாட்டேங்கறாங்க. கூப்பிட்டாக்கூடத் திரும்பல. என்ன கோவமோ.”

அவளுக்குப் பின்னால் கூட வேலைசெய்கிற இரண்டு பேர் மிதந்து வந்தார்கள். ஒருவன் அழுதுகொண்டிருந்தான். அங்கே கண்ணீர் விழாது. குமிழாகக் கண்ணிலேயே ஒட்டி நடுங்கியது.

இருவருக்கும் நடுவில் ஏதோ இருந்தது.

நீளமானது.

வெள்ளைப் பை. ஜிப் போட்டது.

“அனு.” திரையிடம் கிசுகிசுத்தாள். “அனு, திரும்பாத.”

“என்னம்மா? கேக்கல. ஏன் இப்படிப் பாக்கற? இன்னிக்கு என்ன சமைச்ச, சொல்லு.”

சுவரோரமாகப் பையை வைத்துக் கட்டினார்கள். ஒரு பட்டை. இன்னொரு பட்டை. ஜிப்பின் ஓரத்தில் சிக்கிக்கொண்ட கொஞ்சம் கறுப்பு முடி, வெளியே மிதந்து, மெல்ல ஆடியது.